நிழலுருவும் கோடும்: ஆடை வரைபடம் பேசும் மொழி

ஓர் ஆடை தைக்கப்படுவதற்கு முன் இரு வகையாக வரையப்படுகிறது. முதலாவது கற்பனை ஓவியம். அதில் நெடிய உருவம் ஒன்று ஒயிலாக நிற்கும். துணியின் மடிப்பும் வண்ணமும் கண்ணைக் கவரும். இரண்டாவது தொழில்நுட்ப வரைபடம். அதில் மனித உருவம் இல்லை. ஆடையை மேசைமீது விரித்து வைத்தாற்போல், முன்புறமும் பின்புறமும் கோடுகளால் மட்டுமே காட்டப்படும். முன்னது வாங்குவோரின் மனத்தைத் தொடுவது; பின்னது வெட்டுவோர், தைப்போரின் கைகளை நடத்துவது. இவ்விரண்டிற்கும் அடிப்படையாக அமைவது நிழலுரு.

ஆடை அணிந்த ஒருவரின் உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பினால் பூவேலையும் பொத்தானும் மறைந்துவிடும். தோள் அகன்றதா, இடை ஒடுங்கியதா, கீழ்விளிம்பு விரிந்ததா என்பது மட்டுமே எஞ்சும். இதனையே ஆடைத்துறையினர் 'சில்லவுட்' என்பர். 1759இல் பிரான்சின் நிதியமைச்சராக இருந்த எத்தியேன் தெ சிலுவெட்டின் பெயர், கறுப்புத் தாளில் வெட்டிய முகவுருக்களுக்கு வழங்கலாயிற்று. அதுவே பின்னர் ஆடைத்துறைக்கும் வந்தது. 1947இல் பாரிசில் கிறிஸ்தியான் தியோர் வெளியிட்ட ஆடைகள் இடையை ஒடுக்கிப் பாவாடையை அகல விரித்தன. 1955இல் அவரே, மேலே குறுகிக் கீழ்நோக்கி விரியும் வடிவத்துக்கு 'ஏ' என்னும் எழுத்தைப் பெயராக்கினார்.

நிழலுருவும் வரைபடமும் ஒன்றல்ல என்பதைப் புடவை தெளிவாகக் காட்டுகிறது. மேசைமீது விரித்தால் புடவையின் வரைபடம் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரு செவ்வகம், அவ்வளவே. கொசுவம் வைத்து முந்தானையைத் தோளில் இடும்போதுதான் அதற்கு நிழலுரு பிறக்கிறது. கட்டும் முறை மாறினால் அதே துணியின் நிழலுருவும் மாறும். மாறாக, பியர் பால்மேன் 1968இல் வடிவமைத்த, இன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் அணியும் சரோங் கெபாயாவின் மேற்சட்டை உடலோடு ஒட்டிய வடிவத்தை வெட்டிலும் தையலிலுமே பெறுகிறது. கட்டும் ஆடைக்கு அணிபவர் வடிவம் தருகிறார். தைக்கும் ஆடைக்கு அவ்வடிவம் முன்னரே கோட்டில் தீர்மானிக்கப்பட வேண்டும்.

அக்கோடுகளுக்கு இலக்கணம் உண்டு. தொடர்கோடு ஆடையின் விளிம்பையும் இரு துண்டுகள் சேரும் மூட்டையும் குறிக்கும். புள்ளிக்கோடு வெளியே தெரியும் தையலைக் குறிக்கும். இரட்டை ஊசித் தையலுக்கு இரண்டு புள்ளிக்கோடுகள் இணையாகச் செல்லும். வரைபடத்துடன் அளவுப் பட்டியலும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளக்க வேண்டும் என்ற அம்புக்குறிகளும், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பும் இணைக்கப்படும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு? கிராஞ்சியில் ரயிலேறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, தேக்கா நிலையத்தின் மேல்தளத்துத் தையற்கடைக்குச் செல்லும் ஒருவருக்கு வரைபடம் தேவையில்லை. நன்கு பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்து, "கழுத்து மட்டும் சற்று இறக்கமாக" என்றால் போதும். ஐயம் எழுந்தால் தையற்காரர் கேட்டுத் தெளிவார். ஆனால், பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரில் தைக்கப்படும் ஆயிரக்கணக்கான சட்டைகளின் வடிவமைப்பாளர் கடலுக்கு அப்பால் இருக்கலாம். வெட்டுபவர் அவரைக் கண்டதே இல்லை. அங்கே அளவு ரவிக்கையின் பணியையும் உரையாடலின் பணியையும் அந்த ஒரு தாளே செய்ய வேண்டும்.

'முன்கழுத்து இறக்கம் 6 அங்குலம்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். கழுத்தின் அரை அகலம் 3 அங்குலம் எனக் கொள்க. தோள்மூட்டின் கழுத்துப்பக்க முனையிலிருந்து நேர் கீழாக 6 அங்குலம் அளப்பது ஒரு முறை. அதே முனையிலிருந்து கழுத்தின் நடுப்புள்ளிக்குச் சாய்வாக 6 அங்குலம் அளப்பது மற்றொரு முறை. சாய்வாக அளந்தால் உண்மையான இறக்கம் ஏறத்தாழ 5.2 அங்குலமே. சொல் ஒன்று, எண் ஒன்று. ஆயினும் கழுத்துகள் இரண்டு. முக்கால் அங்குலத்துக்கும் மேற்பட்ட இவ்வேறுபாடு ஒரு ரவிக்கையில் நேர்ந்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டி முடித்த ஆயிரம் துண்டுகளில் நேர்ந்தால் துணியும் உழைப்பும் கூலியும் வீணாகும். வரைபடத்தில் ஓர் அம்புக்குறி இருந்தால் அந்த இழப்பு இல்லை.

அம்புக்குறி மட்டும் போதுமா எனில், போதாது. அதன் அருகே எழுதிய சொல்லைத் தைப்பவர் படித்துணர வேண்டும். தோள்பட்டை, கையுயரம், அக்குள் சுற்று, இடுப்புச் சுற்று, பட்டி, கொசுவம், கொக்கி என நம் தையற்கடைகளில் சொற்கள் நிறைந்துள்ளன. டார்ட், காலர், ஓவர்லாக் போன்ற கடன்சொற்களும் அவற்றோடு கலந்து வழங்குகின்றன. கடன்சொல் இருப்பது குறையன்று. ஒரு சொல்லுக்குக் கடைக்குக் கடை வேறு பொருள் இருப்பதே இடர். சொல்லுக்கு எதிரே படம் நிற்குமாயின் பொருள் நிலைபெறும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் அகராதியோடு வரைபடத்தையும் துணைக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்றை மேசையில் விரித்து, முன்னும் பின்னும் வரைந்து, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் தமிழில் எழுதுமாறு மாணவரைப் பணிக்கலாம். பின்னர் அச்சட்டையைக் காணாத மற்றொரு மாணவர், அத்தாளை மட்டும் கொண்டு காகிதத்தில் அதனை வெட்டட்டும். எந்த இடத்தில் அவருடைய கத்தரி தயங்குகிறதோ, அந்த இடத்தில் ஒரு கோடோ ஒரு சொல்லோ குறைந்திருக்கும். அதனைத் தேடி நிரப்புவதே துல்லியமாக எழுதக் கற்கும் பயிற்சியாகும்.