பூச்சில்லாத விசுவாசம்

கொத்தனாரின் கரண்டியையும் ஜெபத்தையும் ஒரே தட்டில் வைத்த ஒரு குவேக்கர், திருவனந்தபுரத்தில் விட்டுச் சென்ற சுவர்கள்

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களுக்குத் தெய்வத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டை வாயிலுக்கு உள்ளே பத்மநாப சுவாமி. எதிர்ப்புறம் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடையும் சத்தம். ஆனால் கோபுரமோ மணியோ இல்லாத ஒரு கிறிஸ்தவமும் இந்த ஊரில் இருக்கிறது. அதைப் பார்க்க, ஒரு கிலோமீட்டர் வடக்கே தம்பானூர் வரை நடந்தால் போதும்.

ரயில் நிலையத்துக்கு எதிரே செங்கல் நிறத்தில் திருகாணிபோல எழுந்து நிற்கிறது இந்தியன் காபி ஹவுஸ். உள்ளே தரை சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டியவை. சுவர் நெடுக விட்ட துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. பீட்ரூட் மசாலா வைத்த தோசையைப் பிட்டுக்கொண்டிருப்பவர்கள், தாங்கள் ஒரு மனிதரின் விசுவாச அறிக்கைக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. கட்டியவர் லாரி பேக்கர்.

பர்மிங்ஹாமில் 1917இல் பிறந்த பேக்கர், கட்டடக் கலை படித்தவர், குவேக்கர் சபையில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது துப்பாக்கி ஏந்தாமல் குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். காந்தியின் கண்ணில் முதலில் பட்டவை, பேக்கர் காலில் இருந்த, கந்தல் துணியில் தைத்த காலணிகள். வீடு கட்டும் பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தொழுநோயாளர் மிஷனின் கட்டடக் கலைஞராக 1945இல் இந்தியா வந்தார். புது மருந்துகள் வந்துவிட்டதால், நோயாளிகளை ஒதுக்கி வைத்த பழைய விடுதிகளைச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளாக மாற்றுவது வேலை. 1948இல் கேரளத்து டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இமயமலை அடிவாரப் பிதோராகரில் பல ஆண்டுகள் மருத்துவமனை நடத்தினார். பிறகு வாகமண். 1970 வாக்கில் திருவனந்தபுரம்.

வேலையில் தெய்வத்தைத் தேடுவது கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல. இயேசுவைத் ‘தச்சர்’ என்று நாம் சொன்னாலும், மாற்கு நற்செய்தியின் மூல கிரேக்கச் சொல்லான ‘டெக்டோன்’, மரத்தில் மட்டுமன்றிக் கட்டட வேலையிலும் ஈடுபடும் கைவினைஞரையும் குறிக்கும். பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். இருந்தும் ஞாயிறு வேறு, திங்கள் வேறு என்ற வழக்கமே நிலைத்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர்கள் அதை ஏற்கவில்லை. அவர்களுக்குக் குருவும் இல்லை, சடங்கும் இல்லை. மௌனமாகக் கூடியிருப்பதே வழிபாடு. வாழ்க்கை முழுவதுமே புனிதம். எளிமையும் உண்மையும் கட்டாயம்.

இதைச் செங்கல்லில் எழுதினால் என்ன ஆகும்? முதலில் பூச்சு போய்விடும். செங்கல் செங்கல்லாகவே தெரியட்டும், சிமெண்டைக் குழைத்துக் கல்போல நடிக்க வைப்பானேன் என்பது பேக்கரின் கட்சி. அடுத்தது ‘எலிப்பொறிக் கட்டு’. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை இது. ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம்; உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலையில்லை என்பதால், அங்கே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சன்னல் போட ஆகும் செலவில் பல மடங்கு சுவர் கட்டலாமே என்று துளைச் சுவர் வைத்தார். மிச்சமாகும் பணம் சிமெண்ட் ஆலைக்குப் போகாமல் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகப் போகட்டும் என்பது கணக்கு. ஊதாரித்தனம் அவருக்கு ரசனைக் குறைவு மட்டுமல்ல, இல்லாதவனிடமிருந்து எடுப்பது.

அலுவலகம் வைத்துக்கொள்ளாமல், கையில் கிடைத்த தாளில் படம் போட்டு, மேஸ்திரியோடு நின்று அங்கேயே திருத்துவார்.

கடற்கரையில் இருக்கிறது பூந்துறை. அங்கே 1970களில் மீனவர்களுக்கு வீடு கட்டும் வேலை வந்தபோது, அரசு காலனிகளில் போல வரிசையாக அடுக்கவில்லை பேக்கர். ஒரு வீட்டை மற்றது மறைக்காதபடி முன்பின்னாகத் தள்ளி வைத்தார். எல்லா வீட்டுக்கும் கடற்காற்று, வாசலில் வலை உலர்த்தவும் மீன் கழுவவும் இடம். இதற்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை. மீனவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தாலே போதும்.

ஒரு கேள்வி மட்டும் எப்போதும் தொடர்ந்தது: ஏழைக்கு மட்டும் பூசாத சுவரா? வளைகுடாப் பணம் வந்த கேரளத்தில் பூச்சும் பெயிண்டும் கௌரவத்தின் அடையாளங்கள். எளிமையை விரும்பித் தேர்ந்தெடுப்பவர், வேறு வழியின்றி எளிமையில் இருப்பவரிடம் அதை நீட்டுவது சங்கடமானதுதான். பேக்கரிடம் இருந்த ஒரே நேர்மையான பதில், ஆள் பார்த்து முறையை மாற்றாதது. உள்ளூரில் பொருளாதார அறிஞர்கள் வேலை செய்யும் வளர்ச்சி ஆய்வு மையம், ஸ்ரீகாரியத்தில் லயோலா சிற்றாலயம், நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவரே குடியிருந்த ‘ஹாம்லெட்’ எல்லாமே பூசாத செங்கல். அவர் வீட்டுச் சுவரில் பழைய பாட்டில்களும் உண்டு. ஆனாலும் நகரம் அவரைப் பாராட்டிய அளவுக்குப் பின்பற்றவில்லை. 1990இல் பத்மஸ்ரீ கொடுத்த நாடு, கான்கிரீட் பெட்டிகளைத்தான் கட்டிக்கொண்டே போனது.

பேக்கர் 2007 ஏப்ரல் 1 அன்று மறைந்தார். அச்சுத மேனன், கே.என். ராஜ் ஆகியோருடன் அவரும் சேர்ந்து 1985இல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு அதன்பிறகும் இயங்குகிறது. கிழக்கேகோட்டையிலிருந்து அட்டக்குளங்கரைப் பக்கம் திரும்பினால் கரிமடம் காலனி. அங்கே குடிசைகள் இருந்த இடத்தில் காஸ்ட்ஃபோர்டு எழுப்பிய அடுக்கு வீடுகளிலும் செங்கல் செங்கல்லாகவே தெரிகிறது.