ஊலாங் டீ குடித்தால் தொப்பை கரையுமா?

வந்தவாசி:
பட்டுத்தறி, கோரைப்பாய் தறியில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. தொப்பை விழத்தானே செய்யும்? 'ஊலாங் டீ குடிங்க, கரைஞ்சிடும்' என்கிறார்கள். அப்படியெல்லாம் கரையாது.

சாதா டீ, கிரீன் டீ, ஊலாங் மூன்றும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையை பாதி மட்டும் புளிக்க விட்டு உலர்த்தினால் ஊலாங். நீலகிரியிலும் தயாராகிறது. கொழுப்பு எரிவதை லேசாக கூட்டுவதாக சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. அவ்வளவுதான்.

உண்மையான லாபம் சர்க்கரை போடாமல் குடிப்பதில்தான். தினம் 5 டீ, டீக்கு 2 ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி! காசு கொடுத்து ஊலாங் வாங்கி அதிலும் சர்க்கரை போட்டால் என்ன பிரயோஜனம்?

ரத்தசோகை உள்ள பெண்கள் உஷார். எந்த டீயும் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை சரியாக சேரவிடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து குடியுங்கள்.