கடன் சுமையை இறக்கும் வழி

அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், வாசலில் முதலில் வந்து நிற்பவருக்கே அதைக் கொடுத்துவிடுவது சிறு விவசாயிகள் பலரிடம் வழக்கமாக இருக்கிறது. அதிகம் சத்தம் போடுபவருக்குக் கொடுப்பதால் கடன் குறையாது. அதிக வட்டி தின்னும் கடனையே முதலில் அடைக்க வேண்டும்.

எது அதிகம் தின்கிறது என்று தெரிய, எல்லாக் கடனையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு, எந்தத் தேதி, என்ன ஈடு என்று குறித்து, வட்டியை ஆண்டுக் கணக்காக மாற்றுங்கள். "மூன்று வட்டி" என்று சாதாரணமாகச் சொல்கிறோம்; அது ஆண்டுக்கு 36 சதவீதம். கையில் ரூ.8,500 கொடுத்து, தினம் ரூ.100 வீதம் 100 நாள் வசூலிக்கும் தண்டலில், அசல் நாளுக்கு நாள் குறைவதைக் கணக்கிட்டால், வட்டி ஆண்டுக்கு 100 சதவீதத்தைத் தாண்டும். மாறாக, கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. வங்கியின் கிசான் கடன் அட்டையில், 2025-26 வரை தொடர்ந்த திட்டப்படி, ரூ.3 இலட்சம் வரை உரிய காலத்தில் கட்டுவோருக்கு 4 சதவீதமே.

இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவருக்குப் புரோநோட்டில் ரூ.50,000 மூன்று வட்டிக்கும், அடகுக் கடையில் ரூ.40,000 இரண்டு வட்டிக்கும் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி ரூ.18,000-மும் ரூ.9,600-மும் சேர்ந்து ரூ.27,600. அசலில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. தங்கம் விலை ஏறியிருப்பதால், சில ஆண்டுகளுக்கு முன் ரூ.40,000-க்கு வைத்த நகைக்கு இன்று வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ரூ.90,000 கிடைக்கக்கூடும். இரண்டு நாள் கைமாற்று வாங்கி நகையை மீட்டு அங்கே மாற்றி வைத்தால், வட்டி 9 சதவீதம் என்றாலும் ஆண்டுக்கு ரூ.8,100 தான். மிச்சமாகும் ரூ.19,500 அசலுக்குப் போக வேண்டும். காதணி விழாவுக்குப் போனால் பழைய புரோநோட்டு வேறு பெயரில் திரும்பி வரும்.

நகை இல்லாதவர்கள் என்ன செய்வது? தனியாரிடம் கடன்பட்டுத் தவிக்கும் விவசாயிகளுக்கு வங்கிகள் தரும் கடனையும் முன்னுரிமைக் கடனாக ரிசர்வ் வங்கி ஏற்றுள்ளது. கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. சிட்டா, அடங்கல், கடன் விவரம் எழுதிய நோட்டு ஆகியவற்றுடன் மேலாளரை நேரில் பார்த்து, மனுவை எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதலும் வாங்குங்கள். விவசாயக் கடனுக்கு ஈடு கேட்காத வரம்பு 2025 சனவரி முதல் ரூ.2 இலட்சமாக உயர்ந்திருக்கிறது. வெள்ளம், வறட்சியில் பயிர் அழிந்திருந்தால், தவணை தவறும் முன்பே பயிர்க்கடனை நீண்ட காலக் கடனாக மாற்றித் தரக் கேளுங்கள்.

தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருப்பவர்கள் உண்டு. 2021-ல் தமிழக அரசு 16.43 இலட்சம் விவசாயிகளின் ரூ.12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது உண்மை. அது கூட்டுறவுப் பயிர்க்கடன் மட்டுமே. புரோநோட்டுக் கடன் அப்படியே நின்றது. காத்திருந்து தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போகும்.

தனியாரிடம் பணம் கட்டும்போதெல்லாம் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதி வாங்க வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். கடனுக்கு ஈடாக நிலத்தைக் கிரயம் எழுதித் தருவதோ, பவர் கொடுப்பதோ கூடவே கூடாது. "பணம் கட்டினால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பி நிலம் இழந்த குடும்பங்கள் பல. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மிரட்டினால் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம்.

வட்டியே விளைச்சலை மிஞ்சும் நிலை வந்துவிட்டால், முப்பது சென்டைச் சாவகாசமாக நல்ல விலைக்கு விற்பதே மேல் என்பது என் கருத்து. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நெருக்கடியில் இரண்டு ஏக்கரையும் கேட்ட விலைக்குக் கொடுப்பவர்களே அதிகம்.

வங்கிக் கடன் நீண்ட நாள் நிலுவையில் இருந்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது; வட்டியில் குறைப்பும் கேட்கலாம். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்றையும் பத்திரத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு, சில நாட்கள் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, அடமானம் நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.