கிளட்ச் மிதிக்கும் கால் வலிக்கிறதா? முதலில் இருக்கையைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேனுவல் காரில் எப்படி உட்கார வேண்டும் என்பதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. லைசென்ஸ் எடுத்துப் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுபவர்களுக்கு இதையும் சொல்லித்தர வேண்டுமா என்று சிலர் சிரிக்கலாம். என் இடது முட்டி வலிக்கத் தொடங்கும் வரை நானும் அப்படித்தான் சிரித்துக் கொண்டிருந்தேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய கன்சில். 2001-இல் வாங்கியது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். சாவி என் கைக்கு வந்தது. தினமும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து போய் வருவேன். ஒரு பயணத்தில் எத்தனை முறை கிளட்சை மிதிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். சில மாதங்களில் முட்டியும் இடுப்பும் வலிக்கத் தொடங்கின. அம்மா தைலம் தேய்த்துவிட்டார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, இப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மாலை நல்ல மழை. எனக்கு முன்னால் சென்ற வேன் சட்டென்று நின்றது. நான் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். கார் மெதுவாகியது, ஆனால் நான் நினைத்த வேகத்தில் நிற்கவில்லை. கால் நீண்டுபோய், அதற்கு மேல் அழுத்த வலுவில்லாமல் போய்விட்டது. வேனுக்கும் என் காருக்கும் ஒரு முழ இடைவெளி இருக்கும்போதுதான் நின்றேன். பின்னிருக்கையில் என் அக்காவின் மகள் தூங்கிக் கொண்டிருந்தாள்.

மறுநாள் பிரேக் கெட்டுப்போய்விட்டது என்று புகார் சொல்லிப் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அங்கிள் பிரேக்கைச் சோதித்துவிட்டு, "பிரேக் நல்லா இருக்கும்மா. நீ ஏறி உட்காரு, கிளட்சை அடி வரைக்கும் மிதி, பார்ப்போம்" என்றார். மிதித்தேன். என் இடுப்பு இருக்கையை விட்டு முன்னால் நகர்ந்தது. "முதுகுக்குப் பின்னால என்ன அது?" என்று கேட்டார். மெத்தென்ற தலையணை.

விஷயம் இதுதான். அப்பா கிட்டத்தட்ட ஆறடி உயரம். நான் ஐந்தடி ஓர் அங்குலம். இருக்கை நகரும் தண்டவாளம் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஒரு தலையணையை வைத்துச் சமாளித்துக் கொண்டேன். பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது அந்தத் தலையணை அமுங்கிவிடுகிறது. உடல் பின்னால் போகிறது. காலின் வலு மிதிக்குப் போய்ச் சேர்வதில்லை. அங்கிள் தண்டவாளத்தைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவி, இருக்கையை நான்கு பல் முன்னால் தள்ளினார். அரை மணி நேர வேலை.

கிளட்ச்தான் அளவுகோல்

மேனுவல் காரில் பெரும்பாலும் ஆழமாகப் போகும் மிதி கிளட்ச்தான். ஆகவே இருக்கையின் தூரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இடுப்பை இருக்கையின் பின்மூலையில் நன்றாக ஒட்டி உட்காருங்கள். கிளட்சை அடி வரை மிதியுங்கள். அப்போதும் முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு அசையக் கூடாது. முட்டி விறைத்து நேராகிவிட்டால் தூரம் அதிகம். காலைத் தூக்கும்போது முட்டி ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தில் இடித்தால் தூரம் குறைவு.

கால் ஏன் மடங்கியிருக்க வேண்டும்? மடங்கிய காலைத்தான் தொடைத் தசையால் ஓங்கி அழுத்த முடியும். அத்துடன், விபத்து நேரும்போது விறைத்த கால் வழியாக அடி நேரே இடுப்பு எலும்புக்குப் போகிறது. வலிக்காமல் ஓட்டுவதும் உயிர் காப்பதும் இந்த ஒரே அளவில்தான் இருக்கின்றன.

இருக்கையை நகர்த்திய பிறகு, உடலை முன்னும் பின்னும் ஆட்டி, பல் பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். மேட்டில் கிளட்சை மிதிக்கும்போது இருக்கை பின்னால் வழுக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது சாய்வு. தோள்கள் சாய்மானத்தில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். அப்படிப் படிந்தால், ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது முழங்கை தானாகவே மடங்கியிருக்கும். படுத்துக்கொண்டு ஓட்டுவது பார்க்க ஸ்டைலாக இருக்கலாம். அந்த நிலையில் ஒவ்வொரு முறை கிளட்ச் மிதிக்கும்போதும் முதுகு வழுக்கிக் கீழே இறங்கும். காற்றுப்பை உள்ள காரில், நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்கின் நடுவுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி அவசியம். கடைசியாகத் தலைச்சாய்வு, கண்ணாடிகள், இருக்கைப் பட்டை. இருக்கையைச் சரிசெய்யும் முன் கண்ணாடியைச் சரிசெய்தால் இரட்டை வேலைதான்.

பாதம் எங்கே இருக்க வேண்டும்?

விரல்களுக்குக் கீழே இருக்கும் அகன்ற பகுதியால்தான் மிதிக்க வேண்டும். நடுப்பாதத்தால் மிதித்தால் அளவு தெரியாது. வலது குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றியிருக்கட்டும். எண்ணெய் மிதிக்கு முன்பாதத்தை மட்டும் திருப்பினால் போதும். கிளட்சுக்கு அப்படியில்லை. குதிகாலை ஊன்றிக் கணுக்காலால் மட்டும் தள்ளினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். முழுக் காலாலும் மிதியுங்கள்.

மிதிக்காத நேரத்தில் இடது கால் கிளட்ச் மேல் இருக்கக் கூடாது. பக்கத்தில் கால் வைக்கும் மேடை இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் தரையில் வையுங்கள். சிவப்பு விளக்கில் கியரைப் போட்டுவிட்டு கிளட்சை மிதித்தபடியே காத்திருப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டு, கைப்பிரேக்கைப் போட்டு, காலை எடுத்துவிடுங்கள். முட்டிக்கு ஓய்வு, கிளட்ச் பேரிங்கும் சீக்கிரம் தேயாது.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். சிறிய கார்களில் அந்தப் பக்கத்து முன்சக்கரத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால், மிதிகள் சற்று இடப்பக்கம் தள்ளி இருப்பதுண்டு. அதற்காக உடலை முறுக்கி உட்காராதீர்கள். இடுப்பு நேராக இருக்கட்டும், கால்கள் மட்டும் திரும்பட்டும்.

மிதி கனமாக இருந்தால்

சரியாக உட்கார்ந்த பிறகும் கிளட்ச் கல் போல் இருந்தால், கோளாறு காரில்தான். பல பழைய சிறிய கார்களில் கிளட்ச் ஒரு கம்பி வழியாக இயங்குகிறது. உறைக்குள் துருவும் அழுக்கும் சேர்ந்தால் கம்பி இறுகும். இழை பிரியத் தொடங்கினால் ஒரு நாள் நடுவழியில் அறுந்தும் போகும். கம்பியை மாற்றுவது சிறு செலவு. கம்பி நன்றாக இருந்தும் கனம் குறையவில்லை என்றால், கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச் பஞ்சு போல் மெத்தென்று போனால், எண்ணெய் குறைந்ததா, காற்று புகுந்ததா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி சரியான அளவில் முடுக்கப்படாவிட்டால் கிளட்ச் பிடிக்கும் இடம் மிக மேலே போய்விடும். ஒவ்வொரு முறையும் காலைத் தேவைக்கு மேல் தூக்க வேண்டிவரும்.

மிதிகளின் ரப்பர் உறைகளையும் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அழகுக்காகப் போடும் அலுமினிய மிதிகள் மழையில் நனைந்த காலணிக்கு வழுக்கும்.

தரைவிரிப்பு, சிலிப்பர்

2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தரைவிரிப்பு எண்ணெய் மிதியில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தினால், டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் வாகனங்களுக்கு எச்சரிக்கை விடுத்துத் திரும்ப அழைத்தது. நாமோ ஒரு விரிப்பின் மேல் இன்னொன்றைப் போடுகிறோம். ஒன்று போதும், அதுவும் நகராமல் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் தண்ணீர்ப் புட்டி உருளக் கூடாது. அது பிரேக்கின் கீழே போய் நின்றால் பிரேக் இறங்காது. சிலிப்பரும் குதிகால் செருப்பும் காருக்கு ஆகாதவை. கோயிலுக்குச் சேலை கட்டிப் போகும் சகோதரிகள் ஒரு தட்டையான காலணியைக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

குள்ளமானவர்கள் உயரத்துக்காக எதையாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், வழுக்காத, அமுங்காத, கெட்டியான மெத்தையை அடியில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் மெத்தென்று எதையும் வைக்காதீர்கள். அந்தப் பாடத்தை நான் படித்துவிட்டேன், நீங்களும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நம் வீடுகளில் ஒரே காரை அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நாலு பேர் ஓட்டுகிறோம். உயரம் ஆளுக்கு ஆள் வேறு. சாவியை வாங்கும்போது இருக்கையையும் நம் அளவுக்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம் மட்டும் நமக்கு வருவதில்லை.

இன்று மாலை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சமதரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். முதலில் கிளட்சை அடி வரை மிதித்து இருக்கையைச் சரிசெய்யுங்கள். பிறகு இயந்திரத்தை ஓடவிட்டுப் பிரேக்கை ஓங்கி மிதியுங்கள். இயந்திரம் ஓடாதபோது பிரேக் இறுகி நிற்கும் என்பதால் சரியாகத் தெரியாது. ஓங்கி மிதிக்கும்போது முட்டி மடங்கியிருக்கிறதா, முதுகு அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் முட்டி வலி மூன்று வாரத்தில் குறைந்துவிட்டது. வாரக் கடைசியில் அப்பா என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார். "என்னம்மா, இவ்வளவு முன்னால தள்ளிட்ட?" என்று முதல் நாள் கேட்டார். "கால் எட்டலப்பா" என்றேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

உங்கள் வீட்டிலும் கால் எட்டாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கலாம். இன்றே கேட்டுப் பாருங்கள்.