பிறையின் வயதைக் கணக்கிடுவது எப்படி?

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலப்பதற்குச் சற்று முன்பாக, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே அமைந்திருக்கும் ஆத்தூரில், பௌர்ணமியன்று மேற்கே சூரியன் அஸ்தமிக்கும் வேளையிலேயே கிழக்கே கடற்பக்கமாகச் சந்திரன் உதயமாவதை எவரும் காணலாம். பிறையின் விருத்திக்கும் க்ஷயத்திற்கும் காரணம் யாவும் இந்த எதிரெதிர் நிலையில் அடங்கியிருக்கிறது.

சந்திரனில் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியைப் பெற்றே இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு பாகம் நம் கண்ணுக்குப் படுகிறதோ அதுவே அன்றைய பிறை. பூமியின் நிழல் விழுவதால் சந்திரன் தேய்கிறது என்று பலர் எண்ணுவது பிழை. நிழல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டுமே. சந்திரனுடைய பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் அதுவும் எல்லாப் பௌர்ணமிகளிலும் நேர்வதில்லை.

சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. முப்பது திதிகள் சேர்ந்தது ஒரு சாந்திர மாதம். அதன் சராசரி அளவு 29.53059 நாள், அதாவது 29 நாள் 12 மணி 44 நிமிஷம். 2000 ஜனவரி 6 அன்று இந்திய நேரப்படி இரவு 11.44-க்கு அமாவாசை நேர்ந்தது. அதிலிருந்து வேண்டிய தேதி வரையுள்ள நாட்களை எண்ணி, 29.53059-ஆல் வகுத்தால், மிஞ்சும் நாட்களே பிறையின் வயது. அது 7.4 ஆனால் வளர்பிறையின் பாதி நிலவு, 14.8 ஆனால் பௌர்ணமி, 22.1 ஆனால் தேய்பிறையின் பாதி நிலவு.

இக்கணக்கைப் பரீட்சிக்க, தென் மாவட்டங்கள் கங்கண சூரிய கிரகணத்தைக் கண்ட 2010 ஜனவரி 15-ஐ எடுத்துக்கொள்வோம். 124 சாந்திர மாதங்களுக்கு 3661.793 நாட்கள், ஆகவே அமாவாசை அன்று மாலை 6.46-க்கு நேர வேண்டும். உண்மையில் அது பகல் 12.41-க்கே நேர்ந்துவிட்டது. நாள் சரி, நேரத்தில் ஆறு மணி வித்தியாசம். சந்திரனின் பாதை நீள்வட்டமாதலால் அது பூமியை நெருங்கும்போது விரைந்தும், விலகும்போது தாமதித்தும், நாளொன்றுக்குச் சுமார் 12 முதல் 15 பாகை வரை நகர்கிறது. சராசரிக் கணக்கோ இந்த வேறுபாட்டை அறியாது.

நம்முடைய வாக்கியப் பஞ்சாங்க முறை இதற்கு ஒரு பரிகாரம் கண்டது. சந்திரனின் வேக மாறுதல் ஒன்பது முறை சுழன்று வர ஏறத்தாழ 248 நாட்கள் ஆகின்றன. அந்த 248 நாட்களுக்கும் சந்திரனின் நிலையை எழுத்தால் எண்ணைக் குறிக்கும் சிறு வாக்கியங்களாக்கி மனனம் செய்தனர். 1825-இல் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாடுகளை நினைவிலிருந்தே சொல்லி, அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஆங்கிலேயர் படையில் பணியாற்றிய வாரன் என்பவர் தம் நூலில் பதிவு செய்தார். கிரகணத்தின் ஆரம்பத்தில் நேர்ந்த பிழை நான்கு நிமிஷமே. முடிவில் அது ஐம்பது நிமிஷத்தைத் தாண்டியது.

கரையோர வாழ்க்கைக்கு அவ்வளவு நுட்பம் தேவையில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடலின் ஏற்றவற்றம் மிகுகிறது. திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியதாக வரும் செய்திகளில் பெரும்பாலானவை அந்நாட்களைச் சேர்ந்தவையே. அஷ்டமியை ஒட்டி ஏற்றவற்றம் குறைகிறது. இரவில் நிலவு எதுவரை இருக்கும் என்பதற்கும் எளிய வழி உண்டு: ஒரு நாளின் 60 நாழிகைக்கு 360 பாகை என்றால் 12 பாகைக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம். ஆகவே வளர்பிறையில் திதியின் எண்ணை 48-ஆல் பெருக்கினால், சூரியன் மறைந்து எத்தனை நிமிஷத்தில் நிலவு மறையும் என்பது கிடைக்கும். தேய்பிறையில் அதே பெருக்கம் நிலவு உதிக்கும் நேரத்தைத் தரும். அஷ்டமிக்கு 384 நிமிஷம்; நள்ளிரவுக்குச் சற்று முன்பின். அரை மணி பிசகினாலும், வலையோடு கடலுக்குப் போகிறவருக்கு இது போதும். கிரகணம் பார்க்க விரும்புகிறவர் மட்டும் பஞ்சாங்கத்தைப் புரட்டட்டும்.