மேட்டை விற்ற கிராமங்கள்!

2006 அக்டோபர் கடைசி. நெதர்லாந்தின் வடக்கே ஃப்ரிஸ்லான் மாகாணத்தில் புயல் வீசி, கடல் பொங்கியது. மார்ரம் கிராமத்தில், கடல் கரைக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகள் சின்னதொரு மேட்டில் சிக்கிக்கொண்டன. சில செத்தே போயின. சிலவற்றைப் படகில் மீட்டார்கள். மற்றவை தண்ணீரில் இறங்க மறுத்தன. நவம்பர் 3-ம் தேதி, சில பெண்கள் குதிரை மீதேறி தண்ணீருக்குள்ளேயே போய், முன்னால் வழிகாட்டி நடக்க, மொத்தக் கூட்டமும் பின்னாலேயே கரையேறியது.

இந்த ஊர்களுக்கு மேடுதான் உயிர். மார்ரம் இன்று நோர்ட்ஈஸ்ட் ஃப்ரிஸ்லான் நகராட்சியைச் சேர்ந்தது. இங்கே கடலுக்குக் கரை போடப்பட்டது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். அதற்கும் முன்பே, சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மக்கள் ஆடு, மாடுகளோடு குடியிருந்தார்கள். எப்படி? களிமண், சாணம், வீட்டுக் குப்பை எல்லாவற்றையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டினார்கள். இதற்கு ‘டெர்ப்’ என்று பெயர். பழைய ஃப்ரிசியன் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஊர் என்றே பொருள்.

நூற்றாண்டுக்கணக்கில் சாணம் மக்கிய மண் என்றால் சும்மாவா? மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த உரம். 19-ம் நூற்றாண்டில் இதைத் தோண்டி, படகில் ஏற்றி, சத்தில்லாத மணல் பூமிகளுக்கு விற்கத் தொடங்கினார்கள். கரைதான் காவல் இருக்கிறதே, மேடு எதற்கு என்ற நினைப்பு! பல மேடுகள் பாதியாகக் குறைந்தன. சில தரைமட்டமாகிவிட்டன.

ஹேகபைன்டம் கிராமத்திலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண் எடுத்தார்கள். பழங்காலக் கல்லறைகள் வெளிப்பட்டன. உச்சியில் 12-ம் நூற்றாண்டு தேவாலயம் இருந்ததால், அந்தப் பகுதி மட்டும் தப்பியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 8.8 மீட்டர் உயரத்தில் நிற்கும் இதுதான் நெதர்லாந்தின் மிக உயரமான டெர்ப். மண் வெட்டிய இடம் இன்றும் செங்குத்தாகத் தெரிகிறது.

இதே நகராட்சியின் மொடர்காட் கிராமத்தில், கடல் கரைமீது ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 1883 மார்ச் புயலில் இந்த ஊரின் 22 மீன்பிடிப் படகுகளில் 17 மூழ்கி, 83 பேர் திரும்பவே இல்லை.

மண்ணை விற்ற காசு ஒரு தலைமுறையோடு செலவாகிவிட்டது. அந்த மேடு உருவாக எத்தனை தலைமுறை உழைத்திருக்கும்! வெள்ளம் வந்த நாளில் அந்தக் குதிரைகளுக்குக் கிடைத்தது, ஒரு துண்டு மேடுதான்.