தெரியாத எண்ணிலிருந்து வரும் வேலை

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள் என்று வங்கி சொல்கிறது, போலீஸும் சொல்கிறது. வேலை தேடுகிறவர் எப்படி எடுக்காமல் இருப்பார்? நேர்காணலுக்குக் கூப்பிடுகிற எச்.ஆர். தெரியாத எண்ணிலிருந்துதான் கூப்பிடுவார். ஒரு முறை தவறவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதனால் குளியலறை வரைக்கும் போன் கூடவே போகிறது. "எந்நேரமும் போனும் கையுமா இருக்கியே" என்று வீட்டில் திட்டு வேறு.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. ஆள் எடுக்கும் முறையே அப்படி ஆகிவிட்டது. விண்ணப்பம் இணையத்தில், தேர்வும் இணையத்தில். பல இடங்களில் முதல் சுற்று நேர்காணலில் எதிரே ஆளே கிடையாது; திரையில் கேள்வி ஓடும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதன்பிறகு தேர்வானோமா இல்லையா என்று ஒரு வரிகூட வராது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், விளம்பரம் செய்த பணிக்கு நேர்காணல் நடத்தினால், முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்பதை 45 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் தனியார் நிறுவனங்களை அப்படிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. முகம் தெரியாத ஆள், அரைகுறை விவரம், உடனே பதில் சொல்லச் சொல்லும் அவசரம் எல்லாம் சகஜம் என்று நிஜ நிறுவனங்களே பழக்கிவைத்திருக்கின்றன. மோசடிக்காரர்களுக்கு வேலை மிச்சம்.

அவர்கள் வருகிற வழிகளில் மிகவும் நயமானது 'பகுதி நேர டாஸ்க்'. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். யூடியூப் காணொளிக்கு லைக் போட வேண்டும், அல்லது ஏதாவது ஒரு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. செய்தால் நூறு, இருநூறு ரூபாய் நிஜமாகவே கணக்கில் ஏறும். அந்தச் சிறு தொகைதான் தூண்டில். அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்ப்பார்கள். அங்கே ஆயிரம் கட்டினால் கூடுதலாகத் திரும்பி வரும். ஐந்தாயிரம் கட்டினாலும் வரும். குழுவில் இருப்பவர்கள் லாபம் கிடைத்ததாக ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கும்பலின் ஆட்களே. தொகை லட்சத்தைத் தொட்டதும் பணத்தை எடுக்க முடியாது. "வரி கட்டினால் விடுவிப்போம்", "ஒரு டாஸ்க்கைத் தப்பாகச் செய்துவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள்" என்று இழுப்பார்கள். திரையில் லாபமாகத் தெரிவது வெறும் எண். போட்டதை மீட்க இன்னும் போடுவதில்தான் பலர் மூழ்குகிறார்கள்.

மற்றவை பழைய கதை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். வீட்டிலிருந்து டேட்டா என்ட்ரி செய்யச் சொல்லி, 'இலக்கை முடிக்கவில்லை' என்று வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்றை அனுப்பி மிரட்டும் கூட்டமும் உண்டு. பயந்து பணம் கட்ட வேண்டாம். அந்த நோட்டீஸையே புகாரோடு சேர்த்துக் கொடுக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கில் வரும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் கமிஷன் என்பது இன்னும் ஆபத்து. அது ஏமாந்த இன்னொருவரின் பணம். கணக்கு முடங்குவதோடு வழக்கில் உங்கள் பெயரும் சேரும்.

வெளிநாடு என்றால் பணத்தோடு போவதில்லை. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போனவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, இதே மோசடி அழைப்புகளைச் செய்ய வைத்தார்கள். 2022-இல் அங்கிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் அதிகமான இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வர வேண்டியிருந்தது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறவரோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். போன பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும். யாரும் எடுப்பதற்கு முன் புகார் போனால் நடுவழியில் முடக்க வாய்ப்பிருக்கிறது. அழுவதற்கும் வீட்டில் சொல்லத் தயங்குவதற்கும் செலவாகும் நேரம்தான் மோசடிக்காரருக்கு லாபம். வங்கிக்கும் சொல்லுங்கள், ஆனால் உங்கள் கையாலேயே யு.பி.ஐ. பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கி ஈடு கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அரட்டையையும் எண்களையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். சாட்சி அவைதான்.

ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவின் கீழ் வரும். ஏமாற்றிப் பணத்தைக் கைப்பற்றினால் 7 ஆண்டு வரை சிறை. கணினி, போன் வழியாக வேறொருவர்போல் நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும். "எங்கள் எல்லையில் வராது" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், எந்த நிலையத்திலும் புகார் பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். அப்போதும் பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

ஆதார், பான் நகல்களைக் கொடுத்துவிட்டவர்கள், தங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தெரியாத கடன் ஏறியிருக்கிறதா என்று சிபில் அறிக்கையையும் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம்.

நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். அதிகாரப்பூர்வ மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிட்டு, இன்ன நாள், இன்ன நேரம், இந்த எண்ணிலிருந்து கூப்பிடுவோம் என்று சொல்லிக் கூப்பிடுங்கள். அதற்குச் செலவு ஏதும் இல்லை.